அராபியாத்தா: யாழ்ப்பாணத்து அடுப்பில் ஓர் உறைப்பான இத்தாலியத் தக்காளிச் சோஸ் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அராபியாத்தா என்பது ரோம் நகரத்துச் சோஸ். தக்காளி, உள்ளி, செத்தல் மிளகாய், ஒலிவ் எண்ணெய், உப்பு, கடைசியில் கொஞ்சம் பச்சை இலை, அவ்வளவுதான். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் ஓர் உணவகச் சமையலறையில் பல வருடம் நின்ற என் மச்சான் ஒருமுறை லீவுக்கு வந்தபோது எங்கள் வீட்டு அடுப்பில் செய்து காட்டினார். வீட்டில் ஏற்கெனவே இருந்த சாமான்களிலிருந்து இப்படி ஒரு சுவை வரும் என்று அன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மாதத்தில் மூன்று நான்கு தரம் செய்கிறேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

கோபம் கொண்டது என்று அர்த்தம். உறைப்பைத்தான் கோபம் என்கிறார்கள். ரோமில் இதைப் பெரும்பாலும் பெனே என்ற குழாய்ப் பாஸ்தாவோடு சாப்பிடுவார்கள், பேனாக்கூர் போல இரு முனையும் சரிவாக வெட்டியிருக்கும் அது.

சரி, எப்படிச் செய்வது? அளவோடு சொல்லுங்கள்.

மூன்று பேருக்கு என்றால் 300 கிராம் பாஸ்தா, நன்றாகப் பழுத்த தக்காளி 700 கிராம், உள்ளி 4 பல்லு, செத்தல் மிளகாய் 3 அல்லது 4, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு.

முதலில் பாஸ்தாவுக்குத் தண்ணீரை அடுப்பில் வையுங்கள், ஏனென்றால் சோஸை விட அந்தத் தண்ணீர் கொதிக்கத்தான் அதிக நேரம் எடுக்கும். அது சூடாகிற நேரத்தில் தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கரட் துருவுகிற தகட்டில் வெட்டிய பக்கத்தை வைத்துத் தேயுங்கள். சதை முழுவதும் கீழே விழுந்துவிடும், தோல் மட்டும் கையில் மிஞ்சும். கொதிநீரில் போட்டுத் தோல் உரிக்கிற வேலை தேவையில்லை. விதையையும் அதைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பையும் எறிய வேண்டாம், தக்காளியின் சுவையில் பெரும் பங்கு அதற்குள்தான் இருக்கிறது.

இனி எண்ணெய். தாச்சி சூடாகும் முன்பே எண்ணெயையும் மெல்லிய வில்லைகளாக வெட்டிய உள்ளியையும் சேர்த்துப் போட்டு, அடுப்பைக் குறைந்த நெருப்பில் வையுங்கள். நாங்கள் எண்ணெய் நன்றாகக் கொதித்த பிறகுதான் தாளிதம் போட்டுப் பழகியவர்கள், அதனால் இந்த இடத்தில் கை தானாகவே நெருப்பைக் கூட்டப் பார்க்கும். கூட்ட வேண்டாம். உள்ளி மெதுவாகச் சூடானால்தான் அதன் வாசம் எண்ணெய்க்குள் இறங்கும். உள்ளியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி வரத் தொடங்கியதும் செத்தலைக் கையால் இரண்டு மூன்றாக உடைத்துப் போடுங்கள். ஒரு நிமிடம் காணும். உள்ளியின் விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வருகிற அந்த நேரத்தில் தக்காளியைக் கொட்டிவிடுங்கள், பொன்னிறம் வரும் வரைக்கும் நின்றால் பிந்திவிடும்.

தக்காளி விழுந்ததும் இப்போது நெருப்பைக் கூட்டலாம். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடாமல், இடையிடையே கிளறி 12 தொடக்கம் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். அகப்பையால் இழுத்தால் தாச்சியின் அடி தெரிந்து, சோஸ் மெதுவாகத் திரும்பி வந்து மூடினால் பதம். எண்ணெய் செம்மஞ்சள் நிறத்தில் ஓரங்களில் எட்டிப்பார்க்கும். பாஸ்தாவை பைக்கற்றில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, அது வெந்த தண்ணீரில் ஓர் அகப்பையோடு சேர்த்துச் சோஸுக்குள் போட்டு, நல்ல நெருப்பில் ஒரு நிமிடம் பிரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கிற மாப்பசைதான் எண்ணெயையும் தக்காளியையும் பிரிய விடாமல் பாஸ்தாவில் ஒட்ட வைப்பது. பாஸ்தாவைத் தட்டில் போட்டு மேலே சோஸை ஊற்றினால் இது நடக்காது, சோஸ் ஒரு பக்கம் பாஸ்தா ஒரு பக்கமாகவே இருக்கும்.

வெங்காயம் போடலாமா? கறிவேப்பிலை? கொஞ்சம் கடுகு?

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. என் பதில்: வேண்டாம்.

நான் முதல் தடவை தனியாகச் செய்தபோது சின்ன வெங்காயம் ஒரு பிடி வெட்டிப் போட்டேன், கறிவேப்பிலையும் ஒரு நெட்டு. வாசம் நன்றாகத்தான் இருந்தது, வீட்டில் எல்லோரும் நல்லது என்றுதான் சாப்பிட்டார்கள். ஆனால் அது தக்காளிக் குழம்பு. அம்மா வைக்கிற குழம்பை விடக் கொஞ்சம் குறைவான தக்காளிக் குழம்பு. வெங்காயம் வதங்கினால் இனிப்பு வரும், அந்த இனிப்பு தக்காளியின் புளிப்பையும் மிளகாயின் சுள்ளென்ற உறைப்பையும் மழுக்கிவிடும். கறிவேப்பிலை வாசம் எண்ணெயில் முன்னுக்கு வந்து நின்றுவிடும், அதன் பிறகு உள்ளி எங்கே என்று தேட வேண்டும்.

எங்கள் சமையல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிற சமையல். பத்துச் சாமான் சேர்ந்து ஒரு புது வாசமாக மாறுவதுதான் யாழ்ப்பாணத்துக் கறியின் வலிமை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அராபியாத்தா நேர் எதிரான வழியில் போகிறது. நான்கு சாமானும் நான்காகவே தெரிய வேண்டும், நாக்கில் முதலில் தக்காளி, பிறகு உள்ளி, விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகாய். எங்கள் கைக்கு இதில் கஷ்டமான வேலை என்று இருந்தால் அது ஒன்றையும் சேர்க்காமல் இருப்பதுதான். ஒரே ஒரு தடவை எதையும் சேர்க்காமல் செய்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை உங்கள் விருப்பம்.

எந்த மிளகாய்? எத்தனை?

வீட்டில் கறித்தூளுக்கு வாங்குகிற செத்தல் மிளகாயே போதும். இத்தாலியிலும் காய்ந்த சிவப்பு மிளகாய்தான் போடுகிறார்கள், தெற்கே கலாப்ரியாப் பக்கத்தில் அதை மாலை மாலையாகக் கோத்துச் சுவரில் தொங்க விட்டிருப்பார்களாம், மச்சான் படம் காட்டினார்.

எண்ணிக்கை உங்கள் மிளகாயைப் பொறுத்தது. 3 போட்டுத் தொடங்குங்கள். உறைப்பு விதையில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் விதை ஒட்டியிருக்கிற அந்த வெள்ளைச் சதையில்தான் உறைப்பைத் தருகிற கப்சேசின் அதிகம். அதனால் பிள்ளைகளுக்குச் செய்வதென்றால் விதையை மட்டும் உதறினால் காணாது, உள்ளே இருக்கிற வெள்ளையையும் வழித்து எடுக்க வேண்டும். அல்லது மிளகாயை உடைக்காமல் முழுதாகப் போட்டு, தக்காளி கொட்டும் முன் எடுத்துவிடலாம். கப்சேசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. மிளகாயை எண்ணெயிலேயே போடுவதற்குக் காரணம் அதுதான். எண்ணெய் உறைப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சோஸ் முழுவதும் பரப்பும். தக்காளி கொதிக்கும்போது போட்டால் ஒரு வாய் உறைக்கும், மறு வாய் சப்பென்று இருக்கும்.

பச்சை மிளகாய் வேண்டாம். அதன் பச்சை வாசம் வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடும்.

செத்தலுக்குப் பதிலாக மிளகாய்த்தூள் போட்டால்?

தூள் சூடான எண்ணெயில் சில செக்கனிலேயே கருகிவிடும், கருகினால் கசப்பு. வேறு வழி இல்லாவிட்டால் தனி மிளகாய்த்தூளை முக்கால் தேக்கரண்டி, தக்காளியோடு சேர்த்துப் போடுங்கள். செத்தலை உரலில் ஒன்றிரண்டாக இடித்து வைத்திருந்தால் அது தூளை விட நல்லது.

யாழ்ப்பாணக் கறித்தூள் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் வறுத்துத் திரித்த அருமையான தூள் அது, ஆனால் ஒரு தேக்கரண்டி விழுந்தாலே சட்டியில் இருப்பது கறி.

சந்தைத் தக்காளியில் செய்யலாமா, அல்லது ரின் தக்காளிதான் வேண்டுமா?

தை தொடக்கம் பங்குனி வரைக்கும் ரின் வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் வருந்துகிறது. மாரி மழை முடிந்து வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து பழம் வருகிற காலம் அது. திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் குவித்து வைத்திருப்பார்கள், விலை சில நாட்களில் தோட்டக்காரருக்குப் பறித்த கூலிக்கும் காணாத அளவுக்கு விழுந்துவிடும். இந்தச் சோஸுக்கு மெத்தப் பழுத்து, கொஞ்சம் நெகிழ்ந்து, கறிக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருக்கிற பழம்தான் மிக நல்லது. அதைக் கேட்டு வாங்குங்கள், அழுகல் இருந்தால் அந்த இடத்தை மட்டுமல்ல, அந்தப் பழத்தையே விட்டுவிடுங்கள். வாங்கி வந்த பழத்தைப் பழுக்கும் வரை பிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம், குளிரில் தக்காளியின் வாசம் செத்துவிடும்.

மற்றக் காலங்களில் வெளி மாவட்டங்களிலிருந்து லொறியில் வருகிற பழம் காயாகப் பறித்துப் போகிற வழியில் சிவந்ததாக இருக்கும். தோல் சிவப்பு, உள்ளே வெளிறல். அதை இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துப் பழுக்க விட்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதும் சேர்த்தால் சமாளிக்கலாம். அந்த விழுதை மிளகாய்க்குப் பிறகு எண்ணெயில் அரை நிமிடம் பிரட்டிவிட்டுத் தக்காளியைக் கொட்டுங்கள், பச்சை வாசம் போய்விடும். அல்லது அந்தக் காலத்தில் ரின். ரின் என்றால் துண்டாக வெட்டியதை விடத் தோல் உரித்த முழுத் தக்காளியாகப் பார்த்து வாங்கிக் கையால் பிசையுங்கள், துண்டு கலையாமல் இருப்பதற்காக அதில் பெரும்பாலும் கல்சியம் குளோரைட் சேர்ப்பார்கள், எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். இத்தாலியில் பேர் போன சான் மார்சானோ வகை நேபிள்சுக்கு அருகே வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துச் சமவெளியில் விளைவது, அந்தப் பெயருக்கு 1996 முதல் ஐரோப்பியப் பாதுகாப்பு இருக்கிறது. நல்ல பழம்தான், ஆனால் மாசி மாதத்து உரும்பிராய்ப் பழம் கையில் இருக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

போத்தலில் வருகிற தக்காளிச் சோஸ் சேர்க்கலாமா?

கூடாது. சீனி, வினாகிரி, மாப்பசை எல்லாம் சேர்ந்தது அது. ரோல்ஸுக்குத் தொட்டுக்கொள்ள நல்லது.

ஒலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை. தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்?

இரண்டுமே எனக்குப் பிடித்த எண்ணெய்கள், இரண்டுமே இங்கே பொருந்தாது. தேங்காய் எண்ணெயின் வாசமும் நல்லெண்ணெயின் வாசமும் உள்ளிக்கு மேலே ஏறி நின்றுவிடும். நான் செய்கிற வழி இது: வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய் 3 மேசைக்கரண்டியில் சமைத்து, அடுப்பை நிறுத்திய பிறகு ஒலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியைப் பச்சையாக மேலே விட்டுப் பிரட்டுவேன். சூடு படாததால் அதன் வாசம் முழுவதும் அப்படியே தெரியும். ஒரு சின்னப் போத்தல் எங்கள் வீட்டில் பல மாதம் வரும்.

ஆனால் எண்ணெயின் அளவை மட்டும் குறைக்க வேண்டாம்.

சோஸ் புளிக்கிறது. சீனி போடலாமா?

முதலில் இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு உப்பைச் சரி பாருங்கள், உப்புக் காணாத சோஸ் உண்மையில் இருப்பதை விட அதிகம் புளிப்பது போல இருக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் சீனி ஒரு சிட்டிகை. இனிப்பு நாக்கில் தெரிந்தால் அளவு கூடிவிட்டது. சிலர் அப்பச்சோடா போடுகிறார்கள், அது புளிப்பை உண்மையிலேயே குறைக்கும், ஆனால் கத்தி நுனியளவுக்கு மேல் போனால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். நான் போடுவதில்லை.

எந்தப் பாத்திரம்?

அகலமானது. தண்ணீர் கெதியாக வற்ற வேண்டும், அகலம் குறைந்த உயரமான பானையில் தக்காளி வேகுமே தவிர வற்றாது. அலுமினியத் தாச்சியும் பூச்சில்லாத இரும்புத் தாச்சியும் வேண்டாம், தக்காளியின் புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து சோஸில் ஒரு தகரச் சுவை வரும். எவர்சில்வர் அல்லது ஒட்டாத தாச்சி நல்லது. மண்சட்டியும் நல்லதுதான், இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: மீன் வைக்கிற சட்டியாக இருக்கக் கூடாது, அப்புறம் மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் உள்ளி நிறம் மாறத் தொடங்கும் முன்பே தக்காளியைக் கொட்டிவிட வேண்டும்.

உள்ளி கருகிவிட்டது. தக்காளி போட்டால் சரியாகுமா?

ஆகாது. எண்ணெயோடு கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். எண்ணெய் போகிறதே என்று மனம் கேட்காது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒருமுறை அப்படியே தொடர்ந்து 700 கிராம் தக்காளியையும் சேர்த்துக் கசக்க வைத்தேன்.

பாஸ்தாத் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு?

பொது அளவு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, கடலோரப் பக்கங்களில் பல கிணறுகள் உவர். ஆகவே தண்ணீரை முதலில் குடித்துப் பாருங்கள். உவர் என்றால் பாதி உப்பு, அல்லது குடிக்க வாங்குகிற தண்ணீரில் அவியுங்கள். பாஸ்தாத் தண்ணீர் ஓர் அகப்பை சோஸுக்குள் போகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பெனே கிடைக்கவில்லை. மக்கரோனி சரியா? இடியப்பம்?

கடையில் இருக்கிற எந்த மக்கரோனியும் சரி, ஸ்பகெட்டியும் சரி. இடியப்பத்தோடு வேண்டாம், சோஸை உறிஞ்சி உடைந்து கூழாகிவிடும். பாணோடு மிகவும் நல்லது, அதுவும் பின்னேரம் வருகிற சூடான ரோஸ் பாண் என்றால் பாஸ்தாவே தேவையில்லை. தோசைக்குச் சம்பலுக்குப் பதிலாக வைத்துப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்குச் சம்பல்தான்.

இது சைவமா? நல்லூர்த் திருவிழா நாட்களில் செய்யலாமா?

சோஸ் முழுச் சைவம். கடையில் வாங்குகிற காய்ந்த பாஸ்தாவும் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை சேர்த்த வகைகளும் இருக்கின்றன, பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். விரதத்துக்கு உள்ளி தவிர்க்கிற வீடென்றால் அந்த நாட்களில் இதை விட்டுவிடுங்கள், உள்ளி இல்லாமல் இந்தச் சோஸ் இல்லை.

கவனிக்க வேண்டியது சீஸ். ரோமில் மேலே தூவுவது பெக்கொரினோ ரொமானோ, செம்மறியாட்டுப் பாலில் செய்கிற உப்பான சீஸ். பாலைத் திரைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியைச் சேர்க்கிறார்கள். அசல் பார்மெசானுக்குக் கன்றின் இரைப்பை நொதி. ஆகவே சுத்த சைவக்காரருக்கு இரண்டுமே ஆகாது. இது தெரியாமல் திருவிழாக் காலத்தில் தூவிச் சாப்பிட்ட குடும்பங்களை அறிவேன், தெரிந்தபோது மிகவும் கவலைப்பட்டார்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். சீஸ் இல்லாமலே இது நிறைவான சாப்பாடு. மொறுமொறுப்பு வேண்டுமானால் பழைய பாணை உதிர்த்து எண்ணெயில் வறுத்துத் தூவுங்கள், சீஸ் வாங்க வழியில்லாத தென் இத்தாலிய வீடுகளில் அதைத்தான் செய்தார்கள்.

பச்சை இலை என்றால் எது? கொத்தமல்லி?

ரோமில் பார்ஸ்லி. கொத்தமல்லி வேண்டாம், உருவம்தான் ஒன்று, வாசம் முற்றிலும் வேறு. பேசில் போடுகிறவர்களும் உண்டு. துளசி அதற்கு ஈடாகாது, சொந்தம்தான், ஆனால் கிராம்பு வாசம் கூடியது. ஃபலூடாவில் ஊற வைத்துப் போடுகிற கசகசா என்கிற கறுப்பு விதை இருக்கிறதே, அது பேசில் குடும்பத்துத் திருநீற்றுப்பச்சையின் விதை. ஒரு சட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தால் ஒரு கிழமையில் முளைக்கும். இத்தாலிய வகையை விட வாசம் கடுமை, நான்கு இலை காணும்.

ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் போடாதீர்கள்.

இறால் சேர்க்கலாமா?

தாராளமாக. உள்ளி எண்ணெயில் மிளகாய் போட்டதும் இறாலை ஒரு நிமிடம் பிரட்டி வெளியே எடுத்து வைத்து, சோஸ் வற்றிய பிறகு கடைசி இரண்டு நிமிடத்துக்குத் திரும்பப் போடுங்கள். தொடக்கத்திலிருந்தே கிடந்தால் ரப்பராகிவிடும். கணவாயும் அப்படியே. கடலுணவு சேர்த்தால் இத்தாலியர்கள் பெரும்பாலும் சீஸ் தூவுவதில்லை, அது சரி என்றே எனக்கும் படுகிறது.

உறைப்புக் கூடிவிட்டது, என்ன செய்வது?

தண்ணீர் விட வேண்டாம். மிளகாய்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு இன்னும் இரண்டு தக்காளியைத் துருவிச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். சாப்பிடும்போது வாய் எரிந்தால் பால் அல்லது தயிர், பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம் கப்சேசினைப் பிடித்துக்கொண்டு போகும்.

மிளகாய் எங்களுடையது, இத்தாலியர் எங்கே இருந்து பழகினார்கள்?

மிளகாய் எங்களுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. தக்காளியும் அப்படித்தான். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் கடல் தாண்டின. இத்தாலிக்கு ஸ்பானியர் வழியாக, எங்கள் பக்கத்துக்குப் போர்த்துக்கேயர் வழியாக. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை முழுதாகப் பிடித்தது 1619இல். மிளகாய் வருவதற்கு முன்பு இங்கே உறைப்பு என்றால் மிளகுதான், மிளகாய் என்ற சொல்லுக்குள்ளேயே மிளகு இருக்கிறது பாருங்கள். இத்தாலியில் அச்சான முதல் தக்காளிச் சோஸ் குறிப்பு 1690களில் நேபிள்சில் வெளிவந்த ஒரு சமையல் நூலில் இருக்கிறது, ஸ்பானிய முறை என்ற பெயரோடு, அதிலேயே மிளகாயும் இருக்கிறது. ஒரே இரண்டு செடி இரண்டு கரையில் இறங்கி, ஒரு பக்கம் அராபியாத்தாவாகவும் மறு பக்கம் எங்கள் தக்காளிக் குழம்பாகவும் ஆகியிருக்கின்றன. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? ஊறுகாய் போலப் போத்தலில் அடைத்து வெளியே வைக்கலாமா?

பிரிட்ஜில் 3 நாள், ஆழ்குளிரில் 3 மாதம். கரண்ட் நீண்ட நேரம் நின்ற நாளில் பிரிட்ஜில் இருந்ததை நம்ப வேண்டாம்.

வெளியே வைக்கவே கூடாது. மேலே எண்ணெய் விட்டு மூடினால் கெடாது என்று சொல்வார்கள், அது ஆபத்தான பேச்சு. காற்றுப் போகாத, புளிப்புக் குறைந்த இடத்தில்தான் பொட்டுலிசம் என்ற நோயைத் தருகிற நச்சை உண்டாக்குகிற கிருமி வளரும். புளிப்பைக் காட்டுகிற பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது, ஆனால் பல தக்காளிகள் அந்தக் கோட்டுக்கு மிகக் கிட்டத்தான் நிற்கின்றன, உள்ளியும் எண்ணெயும் சேர்த்த சோஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அந்த நச்சுக்கு மணமோ நிறமோ இல்லை. பச்சை உள்ளியை எண்ணெயில் ஊற வைத்து மேசையில் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகக் கூடாது. தை மாதத்துப் பழத்தை ஆடி வரைக்கும் காப்பாற்ற ஆசையென்றால், உள்ளி மிளகாய் இல்லாமல் தக்காளியை மட்டும் துருவி வற்ற வைத்துப் பைகளில் தட்டையாக ஆழ்குளிரில் போடுங்கள்.

கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பாஸ்தா முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

தாச்சியில் சூடாக்கி, ஓரிரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அகப்பையால் குழி செய்து முட்டை உடைத்து ஊற்றி மூடுங்கள். குறைந்த நெருப்பில் 5 நிமிடம், வெள்ளை இறுகி மஞ்சள் இளகி இருக்க வேண்டும். நேபிள்சில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, தமிழில் சொன்னால் உத்தரிக்கிற தலத்து முட்டை, இறந்தவர்கள் பாவம் தீரும் வரை இருக்கிற இடம் என்று கத்தோலிக்கர் நம்புவது அது, அங்கே சிவப்பு நெருப்புக்குள் கிடந்து வேகிற ஆன்மாக்களை நினைத்து வைத்த பெயர். குருநகர்ப் பக்கத்து அன்ரி ஒருவருக்கு இதைச் சொன்னேன், உடனே சிரித்துவிட்டு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து காலைச் சாப்பாட்டுக்கு அதைத்தான் செய்தாராம், பாணை இரண்டு பக்கமும் வாட்டி, ஓரத்தில் உள்ளியைத் தேய்த்து.